பொருள் எண் 212

இரண்டாம் சனிக்கிழமைகளில்
பண்டகசாலை மாடியில் கூடுகிறோம், ஐந்து பேர்.
பதிவுத்துறைக் கணக்கில் ஏழு.
ஒருவர் கோவைக்குக் குடிபோய்விட்டார்,
இன்னொருவர் சந்தா மட்டும் அனுப்புவார்.

கோத்தகிரி வரலாற்றுக் கழகத்தின் சொத்து
மூன்று இரும்பு பீரோ,
கால் ஆடும் மேசை,
அறுபது வாட் பல்பு எரியும் ஒரு மரப்பெட்டி.
பெட்டிக்குள் காகிதங்கள் குளிர்காயும்.
ஜூன் பிறந்துவிட்டால் இங்கே
எங்களைவிட மூடுபனிதான் அதிகம் படிக்கிறது,
எழுத்தெழுத்தாய் நக்கி.

ஜோகி மின்வாரியத்தில் லைன்மேன்.
கம்பத்திலிருந்து இறங்கிய கையோடு வந்து
சீமாட்டி ஒருத்தியின் கன்னத்துப் பூஞ்சையைத்
தூரிகையால் துடைப்பான்.
பெனிட்டா பேக்கரியை அடைத்துவிட்டு வருவாள்.
அவள் எண் ஒட்டிய உறைகளில்
வர்க்கி வாசனை.
பதிவேடு என்னுடையது.
எண், விவரம், தந்தவர், தேதி.
நான்கு கட்டம்.

எஸ்டேட் துரைகளின் டென்னிஸ் கோப்பைகளைப்
பளபளப்பாக்கியது போதும் என்று
ஜோகி ஒருநாள் கத்தியதில்தான்
லைன் வீடுகளுக்குப் போனோம்.
அப்படி வந்தது 212.
குடும்ப அட்டை. தலைமன்னாரில் கப்பலேறி
மண்டபம் முகாமில் முத்திரை குத்தியது.
படத்தில் ஒன்பது தலைகள்.
மடியிலிருந்த குழந்தை அசைந்துவிட்டதால்
அதற்கு மட்டும் முகம் இல்லை.
தந்தவர்: சன்னாசி.
அடுத்த மாசியில் அவரும் இல்லை.

சட்டம் போட்டு, கண்ணாடி பதித்து
வாசலுக்கு நேரே மாட்டினோம்.
திறந்துவைக்க வந்த அதிகாரி
அதன்முன் நின்று
கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

போன ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை,
குடையை மடக்காமலே ஒருத்தி படியேறி வந்தாள்.
"யோகராணி. சன்னாசி மக.
வீட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கோம்.
ஜெராக்ஸ் செல்லாதாம்.
அசல் எங்கேங்கிறாங்க."
சுவரைப் பார்த்தாள்.
முகமில்லாத குழந்தைமேல் விரலை வைத்து
"இது நான்" என்றாள்.

விதி ஒன்பது:
பெற்ற பொருள் எக்காரணம் கொண்டும்
திருப்பித் தரப்படாது.
எழுதியது நான். அந்த 'எக்காரணம்'
எனக்கு மிகவும் பிடித்த சொல்லாக இருந்தது.

அன்றிரவே பேக்கரி ஷட்டருக்குப் பின்னால்
அவசரக் கூட்டம்.
ஹாலன் சார் சொன்னார்,
இன்று ஒன்றைத் தந்தால்
நாளை பீரோ காலி.
பிழையில்லை அவர் சொன்னதில்.
இரண்டு பேர் தலையாட்டினோம்.
தாசில்தாருக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கலாமே என்றேன்,
நம் லெட்டர்பேடில்.
நம் லெட்டர்பேடை யார் மதிக்கிறார்கள்
என்று பெனிட்டா கேட்டாள்.
பிறகு மழைச் சத்தம் மட்டும்.

ஜோகி எழுந்து வெளியே போனான்.
மாடியில் விளக்கெரிந்தது.
நாங்கள் போய்ச் சேர்வதற்குள்
ஸ்க்ரூ நான்கையும் கழற்றி
மேசைமேல் வரிசையாக வைத்திருந்தான்.
ஹாலன் சார் அவற்றை எண்ணிப் பார்த்து
ஒரு தீப்பெட்டியில் போட்டுத்
தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெனிட்டா வெண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுத்தாள்,
கேக்கு மாதிரி.
நான் பதிவேட்டில் அடிக்கோல் வைத்து
ஐந்தாவது கட்டம் கிழித்தேன். இடம் போதவில்லை,
கோடு ஓரத்தில் வளைந்தது.
கையெழுத்துப் போடச் சொன்னதற்கு
"நீங்களுமா" என்று சிரித்தாள் யோகராணி. போட்டாள்.

சுவரில் வெளிறாத பச்சைச் சதுரம் ஒன்று
பல மாதம் இருந்தது.
பள்ளிப் பிள்ளைகள் அதன்முன்னும்
நின்று குறிப்பெடுத்தார்கள்.

இந்த மாதக் கூட்டத்துக்கு அவள் வந்தாள்.
அட்டை இன்னும் ஆபீசில்தானாம்.
முந்தானை முடிச்சிலிருந்து
ஒப்புகைச் சீட்டை எடுத்து,
"வீட்ல வச்சா செல்லரிச்சிரும்,
நீங்க வச்சிருங்க, கேட்டா குடுங்க" என்றாள்.
நனைந்திருந்தது.
பல்பின் கீழே காயவைத்தேன்.

எண் 340.
தந்தவர்: யோகராணி.
தேதி: இன்று.
விவரம் என்ற கட்டத்துக்கு மட்டும்
யாரிடமும் சொல் இல்லை.
ஹாலன் சார்தான் கடைசியில் சொன்னார்.
எழுதினேன்:
நிலுவையில்.